குக்கரும் கண்ணாடி பாட்டிலும் இருந்தால் போதுமா? வீட்டில் காய்கறி பதப்படுத்துவது பற்றி

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் தோட்டம் இருக்கிறது. காய்க்கிற காலத்தில் தெருவுக்கே கொடுத்தும் மிஞ்சி அழுகுகிறது. அமெரிக்கக் காணொளிகளில் செய்வதுபோல் தக்காளி, பீன்ஸ், கேரட், சாம்பார், மட்டன் குழம்பு எல்லாவற்றையும் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, நம் வீட்டுக் குக்கரிலேயே வேகவைத்து, அலமாரியில் ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாமா? கடையை நம்பாமல் குடும்பம் நடத்த இது உதவுமா?

முதலில் நேரான பதில். தக்காளியையும் புளிப்பான பழங்களையும் அடைக்கலாம். அதற்குக் குக்கர்கூட வேண்டாம், ஆழமான பாத்திரமும் கொதிக்கிற தண்ணீரும் போதும். பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, பருப்பு, குழம்பு, கறி, மீன் எதையும் வீட்டுக் குக்கரில் வேகவைத்து அடைத்து வெளியில் வைக்காதீர்கள். கெட்டுப்போனது தெரிந்தால் தூக்கிக் கொட்டிவிடலாம். இதில் கெட்டதே தெரியாது. அதுதான் என் பயம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் எதை அடைக்கலாம், எதை அடைக்கக் கூடாது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று ஒரு கிருமி. தோட்ட மண்ணில் இருப்பது. தடித்த ஓடு போட்ட வித்தாக மண்ணில் தூங்கும். அப்படித் தூங்கும்போது சாப்பிட்டாலும் பெரியவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் செய்யாது. அது விழித்து, பெருகி, விஷம் சுரக்க வேண்டுமானால் காற்று இருக்கக் கூடாது, ஈரம் வேண்டும், புளிப்பு குறைவாக இருக்க வேண்டும், அறையின் வெப்பம் வேண்டும். நன்றாக மூடிய ஒரு பாட்டில் பீன்ஸில் இந்த நான்கும் அமைந்துவிடுகின்றன. கொதிக்கிற தண்ணீரின் 100 டிகிரிக்கு அந்த வித்து சாகாது. மற்ற கிருமிகளெல்லாம் செத்துப்போய், போட்டியே இல்லாத இடமாக அதற்குக் கிடைக்கும். ஆலைகளில் இதற்காகத்தான் 121 டிகிரியில் வேகவைக்கிறார்கள்.

அந்த விஷம் உள்ளே இருக்கும்போது பாட்டில் உப்பியிருக்க வேண்டும், நாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாப்பிட்ட 12 முதல் 36 மணி நேரத்தில் இமை கனக்கும், பார்வை இரண்டாகும், நாக்கு குழறும், விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகளே நின்றுபோகும். 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லான்காஸ்டர் என்ற ஊரில், ஒரு தேவாலய விருந்தில் சாப்பிட்டவர்களில் 29 பேர் இப்படி விழுந்தார்கள், ஒருவர் இறந்தார். தேடிப் பார்த்தபோது வீட்டில் அடைத்த உருளைக்கிழங்கில் செய்த சாலட் என்று தெரிந்தது. அடைத்தவர் வெறும் கொதிநீரில் வேகவைத்திருந்தார். காணொளியில் பார்த்துப் பழக்கமில்லாமல் இறங்கும் நம்மைப்போன்றவர்களுக்கு மட்டும் வருவது இல்லை இது. பாட்டிலில் அடைப்பதை வழிவழியாகச் செய்கிற நாட்டிலேயே நடந்தது.

இங்கே எல்லை போடும் எண் ஒன்று இருக்கிறது: புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் 4.6. அதற்குக் கீழே, அதாவது அதைவிடப் புளிப்பாக இருந்தால், அந்த வித்து விழிக்காது. எலுமிச்சை, மாங்காய், நெல்லி, புளி, அன்னாசி எல்லாம் அந்தப் பக்கம். பீன்ஸ், கேரட், கிழங்கு, கீரை, கறி, மீன், பால், தேங்காய்ப்பால் எல்லாம் இந்தப் பக்கம். பப்பாளியும் தர்பூசணியும் பழம்தானே என்று ஏமாந்துவிடக் கூடாது, அவையும் இந்தப் பக்கம்தான். தக்காளி சரியாக அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பு அதிகம், பெங்களூர்த் தக்காளி என்று விற்கிற கெட்டித்தோல் ரகத்துக்குக் குறைவு. ஒரே செடியில்கூடப் பழுக்கப் பழுக்கப் புளிப்பு இறங்கும். அதனால் எந்தத் தக்காளியானாலும் மேற்கொண்டு புளிப்பு சேர்த்தே அடைக்க வேண்டும்.

“நம் குக்கரும் அழுத்தத்தில்தானே வேகிறது” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் குக்கரின் வெயிட் 15 பவுண்டு அழுத்தத்தில் தூக்கும், உள்ளே 120 டிகிரியை ஒட்டி வரும். ஆனால் பாட்டிலின் நடுவில் இருக்கிற பீன்ஸுக்கு அந்தச் சூடு போய்ச் சேர்ந்து, தேவையான நேரம் அங்கேயே நிற்க வேண்டும். அடைப்பதற்கென்று செய்த பெரிய பாத்திரங்கள் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். நேரக் கணக்கை அந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே சோதித்துப் போட்டிருக்கிறார்கள். அதோடு மூடிய பின் 10 நிமிடம் ஆவியை வெளியே விட்டு உள்ளிருக்கும் காற்றை முழுக்கத் துரத்துவார்கள். காற்று கலந்திருந்தால் அழுத்தம் சரியாகக் காட்டும், சூடு மட்டும் குறைவாக இருக்கும். நம் 5 லிட்டர் குக்கர் சட்டென்று ஏறி, விசில் விட்டுவிட்டு, சட்டென்று ஆறிவிடும். அதற்கு இத்தனை விசில் என்று சோதித்த கணக்கு எதுவும் கிடையாது. பருப்பு வெந்ததா என்று திறந்து பார்க்கலாம். வித்து செத்ததா என்று பார்க்க வழி இல்லை.

தக்காளிக்கு வருகிறேன். நம் ஊரில் இந்த வேலைக்குத் தகுந்த காய் இதுதான். பாலக்கோட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் விலை விழுகிற நாட்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டுகிறார்கள். 2023 ஜூலையில் அதே தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. மலிவாகக் கிடைக்கும்போது ஒரு பெட்டி வாங்கி அடைத்தவர்களுக்கு அந்த மாதம் கவலையே இல்லை.

கிலோ கணக்கு: ஒரு லிட்டர் அடைக்க ஏறக்குறைய 1.25 கிலோ தக்காளி வேண்டும். 15 கிலோ பெட்டி ஒன்றில் அரை லிட்டர் பாட்டில் 24 வரும். பழம் கனிந்து கெட்டியாக இருக்கட்டும். அடிபட்டது, பூஞ்சை பிடித்தது, செடியிலேயே வாடிப்போனது வேண்டாம். அழுகத் தொடங்கிய இடத்தில் புளிப்பு குறைந்துவிடும். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, பச்சைத் தண்ணீருக்கு மாற்றினால் தோல் கையோடு வந்துவிடும். காம்பு மூக்கை நீக்கி நறுக்கி, கொஞ்சத்தை அடுப்பில் போட்டு மசித்துக்கொண்டே மற்றதையும் சேர்த்து, முழுக்கக் கொதித்த பின் 5 நிமிடம் விடுங்கள். சூடாக வைத்திருக்கும் பாட்டிலின் அடியில் சிட்ரிக் ஆசிட் போடுங்கள்: அரை லிட்டருக்குக் கால் டீஸ்பூன் நிறைய, ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் நிறைய. எலுமிச்சைச் சாற்றிலும் செய்வார்கள், ஆனால் நம் எலுமிச்சை ஒன்றுபோல் ஒன்று புளிக்காது. பெரிய மளிகைக் கடையில் கிடைக்கிற சிட்ரிக் ஆசிட்டையே நான் நம்புகிறேன். உப்பு ருசிக்குத்தான், போடாமலும் இருக்கலாம். வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், எண்ணெய் எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் புளிப்புக் கணக்கு மாறிவிடும். தாளிதம் திறக்கிற அன்றைக்குச் செய்துகொள்ளலாம்.

பாட்டிலின் வாய் விளிம்பிலிருந்து அரை அங்குலம் விட்டு நிரப்பி, ஒரு மெல்லிய மரக்குச்சியை உள்சுவரை ஒட்டி விட்டுக் காற்றுக் குமிழ்களை எடுத்து, விளிம்பை ஈரத்துணியால் துடைத்து மூடுங்கள். விரல் நுனி பலத்தில் திருகினால் போதும், இறுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும். பாத்திரத்தின் அடியில் ஒரு துணியோ தட்டோ போட்டு, பாட்டில்களை நிறுத்தி, மூடிக்கு மேல் ஒரு அங்குலம் நிற்கிற மாதிரி வெந்நீர் ஊற்றுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகுதான் நேரம் ஆரம்பம். அமெரிக்கக் கணக்கில் 475 மி.லி. பாட்டிலுக்கு 35 நிமிடம், ஏறக்குறைய ஒரு லிட்டர் பாட்டிலுக்கு 45 நிமிடம். நமக்குக் கிடைப்பது அரை லிட்டர், அது அந்தச் சின்ன பாட்டிலைவிடக் கொஞ்சம் பெரிது. ஆகவே நான் 45 நிமிடமே வைக்கிறேன்.

இது 300 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் சமவெளிக்கு. அதைவிட உயரத்தில் இருப்பவர்கள் தவறாமல் நேரத்தைக் கூட்ட வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பார்க்க அதே கொதிதான், சூடு மட்டும் குறைவு. ஏற்காட்டில் 55 நிமிடம், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் 60 நிமிடம்.

அடுப்பை அணைத்து 5 நிமிடம் கழித்து எடுத்து, மடித்த துண்டின் மேல் வையுங்கள். முதல் வருடம் நான் அவசரத்தில் ஒரு பாட்டிலை நேரே கிரானைட் மேடையில் வைத்தேன். அடி வட்டமாகக் கழன்று, சூடான தக்காளி மேடை முழுக்க ஓடியது. நல்லவேளை, கால் தள்ளி நின்றிருந்தேன். அதற்குப் பிறகு பழைய ஜாம் பாட்டில், காபிப் பொடி பாட்டில் எதையும் இந்த வேலைக்கு எடுப்பதில்லை. அவை பருப்புக்கும் மிளகாய்த் தூளுக்கும் போதும். இதற்குத் தடித்த கண்ணாடியில், தட்டை மூடியும் வளையமும் தனித்தனியாக வருகிற பாட்டில் வேண்டும். தட்டை மூடியை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது, அதன் ரப்பர் விளிம்பு ஒருமுறை அழுந்தினால் அவ்வளவுதான். இந்த மூடிக்கு ஆகிற செலவை யாரும் காணொளியில் சொல்வதில்லை, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறும்போது ஒவ்வொரு பாட்டிலாக “டிக்” என்று சத்தம் கேட்கும். மூடியின் நடு உள்ளே குழிந்து ஒட்டுகிற சத்தம் அது. கவிழ்த்து வைப்பது, மேலும் இறுக்குவது எதுவும் வேண்டாம், ஒருநாள் அப்படியே இருக்கட்டும். மறுநாள் நடுவில் அழுத்திப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் அது மூடவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்து அந்த வாரமே ரசம் வைத்துவிடுங்கள். மூடியவற்றில் தேதி எழுதி, இருட்டான அலமாரியில் ஒரு வருடம் வைக்கலாம்.

பாட்டிலில் அடைக்கும் இந்த முறை எங்கே, எதற்குப் பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். படைகளுக்கு உணவு கெடாமல் அனுப்பப் பிரெஞ்சு அரசுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர், கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் கொதிநீரில் வேகவைக்கும் முறையைப் பல வருடம் முயன்று கண்டுபிடித்து, 1810-ல் அந்த அரசிடமிருந்து 12,000 ஃப்ராங்க் பெற்றார். ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. அதை லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி விளக்க இன்னும் ஐம்பது வருடம் ஆனது. குளிர்நாட்டு வீடுகள் இதை இறுகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் பனிக்காலம். கோடையில் ஒரே மூச்சில் காய்த்துக் கொட்டும், பிறகு மாதக்கணக்கில் மண்ணில் ஒன்றும் முளைக்காது. காயவைக்கவும் வெயில் போதாது.

நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நமக்குக் காய் குறைகிற காலம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அந்த இரண்டு மாதத்துக்காகத்தான் பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டைமாடி நிறைய வத்தல் காய்ந்தது. பீன்ஸை எப்படி அடைப்பது என்று நீங்கள் கேட்கிறீர்கள். அதே மூன்று சென்ட்டில் கொத்தவரையும் அவரையும் சுண்டையும் மணத்தக்காளியும் போடுங்கள் என்கிறேன் நான். காய்ந்த வத்தலில் கிருமிக்கு வேண்டிய ஈரமே இல்லை. புளிப்பு, அழுத்தம், மலை உயரம் எந்தக் கணக்கும் வேண்டாம், கேஸ் செலவும் மிகக் குறைவு.

கொத்தவரையைப் பிஞ்சாகப் பறித்து, உப்புத் தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து, வடித்து, வேட்டியில் பரப்புங்கள். நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காய்ந்து, வளைத்தால் வளையாமல் “மளுக்” என்று ஒடிய வேண்டும். வளைகிற வரைக்கும் உள்ளே ஈரம் இருக்கிறது, டப்பாவில் போட்டால் பூத்துவிடும். மோர் மிளகாய்க்கு, குண்டு மிளகாயின் நுனியைக் கீறி, கல்லுப்புப் போட்ட புளித்த மோரில் இரண்டு நாள் ஊறவைத்து, பகலில் எடுத்துக் காயவைத்து, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போடுங்கள். காலையில் எடுக்கும்போது மோர் கொஞ்சம் குறைந்திருக்கும், மிளகாயின் பச்சை வெளுத்திருக்கும். மோர் முழுக்க வற்றி, மிளகாய் சந்தன நிறத்துக்கு வந்தபின் கலகலவென்று காயவிட வேண்டும். நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து உள்ளே உப்பை அடைத்துக் காயவைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். ஜுரம் விட்ட வாய்க்குக் கஞ்சியோடு வேறு எதுவும் வேண்டாம்.

ஒரே எச்சரிக்கை: மேகம் மூடிய நாளில் தொடங்காதீர்கள். பாதி காய்ந்து மழையில் மாட்டிய மிளகாயிலும் நிலக்கடலையிலும் வருகிற பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கலாம். வறுத்தாலும் பொரித்தாலும் அது போகாது. பூஞ்சை பிடித்ததைத் துடைத்து எடுத்துவைப்பது சிக்கனம் ஆகாது.

ஊறுகாயில் பலருக்கு ஒரு தப்பெண்ணம். “எண்ணெய் மேலே மிதந்தால் கெடாது” என்பது பாதிதான் சரி. எண்ணெய் காற்றை மறைக்கும், அதனால் பூஞ்சை வராது. ஆனால் காற்றில்லாத இடம்தானே அந்தக் கிருமிக்கு வேண்டியது? மாங்காயிலும் எலுமிச்சையிலும் புளிப்பும் உப்பும் காவல் நிற்கின்றன. பூண்டுக்குத் தன் புளிப்பு கிடையாது. 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில், எண்ணெயில் போட்டு ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்திருந்த நறுக்கிய பூண்டால் 36 பேர் இதே விஷத்தில் படுத்தார்கள். பூண்டு ஊறுகாய் போடும்போது புளியையோ எலுமிச்சையையோ தாராளமாகச் சேர்ப்பதற்கு ருசி மட்டும் காரணம் இல்லை. புளிப்பு சேர்க்காத இஞ்சி பூண்டு விழுது ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும், அதுவும் சில நாளைக்கு. மாவடுவுக்குக் கிலோவுக்கு 100 முதல் 150 கிராம் கல்லுப்பு. பீங்கான் ஜாடி, வெள்ளைத் துணியில் வேடு கட்டி, தினம் ஒருமுறை குலுக்கினால் வடு தானே நீர் விட்டுச் சுருங்கும். உப்பைக் குறைத்துப் போட்டு “ஆரோக்கியமான ஊறுகாய்” செய்வதானால் ஃப்ரிட்ஜில் வைக்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள்.

அடைக்க முடியாத பீன்ஸும் கேரட்டும் மிஞ்சினால் ஃப்ரீசர் நல்ல வழி. பீன்ஸை 3 நிமிடம் கொதிநீரில் போட்டு, குளிர்ந்த நீரில் ஆற்றி, ஈரம் போக உலர்த்தி வையுங்கள். கறிக்கும் குழம்புக்கும் அதுதான் இடம். நாள்கணக்கில் மின்சாரம் போகிற ஊரானால் அதையும் பெரிதாக நம்ப முடியாது.

மிஞ்சி வீணாவது பற்றிச் சொன்னீர்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022-ல் உலகத்தில் கடை, உணவகம், வீடுகளில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில். ஆனால் நம் குப்பைக் கூடையைக் கிளறினால் பாட்டிலில் அடைத்திருக்க வேண்டிய பொருள் அதிகம் இருக்காது. கட்டோடு வாங்கி வாடிய கொத்தமல்லி, புளித்த மாவு, பாதி எலுமிச்சை, ஆறிப்போன சோறு. இவற்றுக்கு வேண்டியது அன்றைக்கு ஐந்து நிமிடக் கவனம். புளித்த மாவில் குழிப்பணியாரம், பீர்க்கங்காய்த் தோலில் துவையல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு என்று உங்கள் வீட்டிலேயே யாருக்காவது தெரிந்திருக்கும். ராத்திரிச் சோற்றை மட்டும் வெறுமனே மேடையில் விடாதீர்கள். ஆறியதும் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழையது, இல்லையென்றால் ஃப்ரிட்ஜ். நிறைய மிஞ்சினால் மறுநாளே அரைத்து உப்பும் சீரகமும் சேர்த்து வடகம் பிழிந்துவிடலாம்.

தோட்டத்தில் மிஞ்சி அழுகுவதற்கும் பாதிக் காரணம் விதைக்கிற முறை. எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டால் எல்லாம் ஒரே வாரத்தில் காய்க்கும். வெண்டையோ கொத்தவரையோ, ஒரு பாத்தி இன்று, அடுத்த பாத்தி 15 நாள் கழித்து என்று போட்டுப் பாருங்கள். தினம் அரைக்கிலோ வரும், மூட்டை வராது.

இவ்வளவுக்குப் பிறகும் கறியையும் பீன்ஸையும் அடைத்தே ஆக வேண்டும் என்றால், அழுத்த மானியோடு அதற்கென்றே வருகிற பெரிய பாத்திரம் வாங்கி, சோதித்த நேர அட்டவணையை ஒரு நிமிடம்கூடக் குறைக்காமல் செய்ய வேண்டும். அதற்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துப் பழகுங்கள். பதப்படுத்தல் பயிற்சிகள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அறுவடைப் பின்சார் மையத்திலும், தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கழகமான நிஃப்டெமிலும் நடக்கின்றன. உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் மையத்திலும் விசாரியுங்கள். போகும்போது நீங்கள் அடைத்த தக்காளி பாட்டில் ஒன்றையும் கொண்டுபோய், பி.எச். அளந்து தரச் சொல்லுங்கள்.